புதன் மதியம் கடையில் சத்தம் கூடாது

பெர்த், மே 14

அன்புள்ள தம்பி மெர்வினுக்கு,

வந்து சேர்ந்ததும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு இத்தனை நாள் ஆக்கிவிட்டேன், கோபிக்காதே. விமானத்தைவிட்டு இறங்கியதும் நேராக ஆஸ்பத்திரிதான். மகள் ஜோடிக்குப் பிறந்த இரட்டைக் குழந்தைகள் இரண்டும் இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பையன் பரவாயில்லை. பெண்தான் என் உள்ளங்கை அளவுக்கு இருக்கிறாள், மூச்சு விடுவதே ஒரு வேலையாக இருக்கிறது அவளுக்கு. ஜோடி என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதாள். நல்லவேளை வந்தோம் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே உன் நினைப்பு வந்து, ஏன்தான் வந்தோமோ என்றும் நினைத்தேன். தம்பி ஒரு பக்கம், பெற்ற மகள் ஒரு பக்கம். நான் ஒருத்தி என்ன செய்வேன்?

போன் மணி அடித்தாலே நீ காதைப் பொத்திக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவாய் என்பதால் இந்தக் கடிதம். இது கடல் தாண்டி வெஸ்ட்போர்ட் வந்து சேருவதற்குள் உனக்கு என்ன ஆனதோ என்று தவித்துப் போவேன், அதனால் கிடைத்ததும் பதில் போடு.

நாம் பேசிக்கொண்டது ஞாபகம் இருக்கட்டும். ஆகஸ்ட் வரை நீ தனியாக இருந்து பார்ப்பது. உன் சாப்பாட்டை நீயே கடைக்குப் போய் வாங்கிக்கொள்ள முடிந்தால் அந்த வீட்டிலேயே இரு, யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டோம். முடியாவிட்டால் நெல்சன் நகரில், ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அந்த விடுதிக்குப் போக வேண்டும். அதுவும் இல்லையென்றால் நான் இவளை இந்த நிலைமையில் விட்டுவிட்டு ஓடிவர வேண்டும்.

கார்ல் தன் கடையில் புதன் மதியம் இரண்டு முதல் மூன்று வரை அமைதி நேரம் என்று வைத்திருக்கிறாரே, அது உன்னைப் போல ஆட்டிசம் உள்ளவர்களுக்காகவே வைத்தது. பாதி விளக்குதான் எரியும். ரேடியோ இருக்காது. பில் போடும் மெஷின் கீச்சென்று கத்தாது. வேறு நேரத்தில் போகாதே. போன வருஷம் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நீ தரையில் உட்கார்ந்துவிட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

ரொட்டி, முட்டை, பால், சோப்பு. சோப்பை மறந்துவிடுவாய்.

உன் அக்கா,
நோலீன்


வெஸ்ட்போர்ட், மே 25

நோலீன் அக்காவுக்கு,

கடைக்குப் போனேன். சோப்பு வாங்கினேன். ரொட்டி வாங்கவில்லை.

ஏன் என்று கேட்பாய். கார்ல் ரேடியோவை அணைத்துவிட்டார், விளக்கையும் குறைத்துவிட்டார். அது நன்றாக இருந்தது. கடைக்குள் போனதும் எனக்கு எப்போதும் பல் கூசும், அது இந்த முறை கூசவில்லை. தகரக் கூரையில் மழை விழுந்தது. மழையை கார்லால் அணைக்க முடியாது. மழை பரவாயில்லை, ஒரே மாதிரி விழும்.

ஆனால் புல்வெளியில் பந்து உருட்டி விளையாடும் பௌலிங் கிளப் பெண்கள் நாலைந்து பேர் ரொட்டி அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் புதன்கிழமை பயிற்சி முடிந்ததும் நேராகக் கடைக்கு வருகிற பழக்கம். ஷெர்லியின் இடுப்பு ஆபரேஷனைப் பற்றிப் பேச்சு. நான் தானியப் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் காத்திருந்தேன். அந்தப் பேச்சு முடிந்து, அதே டாக்டர் வேறு ஒருவருக்குச் செய்த ஆபரேஷனுக்குப் போனார்கள். ஷெர்லி என்னைப் பார்த்துவிட்டு, "இந்த நேரம்தான் நல்லாயிருக்கு, மெர்வ். ரேடியோ தொல்லை இல்ல, ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் காதுல விழுது" என்றாள். அமைதி எனக்காக வைத்தது, பேசுவதற்கு அவர்களுக்குப் பயன்பட்டுவிட்டது.

காதில் மெஷின் வைத்திருக்கும் ரே கூட இப்போது புதன்கிழமைதான் வருகிறார். இத்தனை வருஷத்தில் கடைக்குள் பெண்டாட்டி சொல்வது இப்போதுதான் சரியாகக் கேட்கிறது என்றார். அதில் அவருக்குச் சந்தோஷமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தலைவலிக்காகக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு அம்மா வந்தார். ஒரு சின்னப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். அந்தப் பெண் தள்ளுவண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு வருகிறாள். அது நல்ல இடம்.

நான் வாய்க்குள் பாடிக்கொண்டேதான் போனேன். பாடாவிட்டால் அலமாரியில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியாது. ஆள் பக்கத்தில் வந்தபோதெல்லாம் நிறுத்திக்கொண்டேன்.

ரொட்டிக்குப் பதில் ஓட்ஸ் வாங்கினேன். ஓட்ஸ் போதும்.

மெர்வின்


பெர்த், ஜூன் 5

அன்புள்ள மெர்வ்,

ஓட்ஸ் போதுமாம். மூன்று வேளையும் ஓட்ஸைத் தின்றுவிட்டு மயங்கி விழு, பக்கத்து வீட்டு பாரி வந்து பார்த்து எனக்குச் சொல்லட்டும்.

உன்மேல் கோபமில்லை. அந்தப் பெண்கள்மேல்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஷெர்லியை எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து தெரியும், வகுப்பிலும் அவள் வாய் மூடியதில்லை. வாரத்தில் அத்தனை நேரம் கடை திறந்திருக்கிறது, இந்த ஒரு மணி நேரம்தானா கிடைத்தது அவளுக்கு? ரொட்டிக்கு முன்னால் நின்று இடுப்பைப் பற்றிப் பேச? உனக்கென்று இருக்கிறது அந்த ஒரே ஒரு நேரம். அதுவும் போய்விட்டால் நாம் என்ன செய்வது?

கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் வண்டி பாலம் தாண்டி நம் தெருவுக்கு வராது. பாரியை வாங்கித் தரச் சொன்னால், அது பாரியின் சாப்பாடு, என்னுடையது இல்லை என்பாய். எனக்கு வேறு வழி தெரியவில்லை. இந்தக் கடை விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கவலைப்படாமல் அடுத்த புதன் போ. ரொட்டி கிடைக்கும்.

பாப்பாவுக்கு மறுபடி மூச்சுத் திணறியது. நேற்றெல்லாம் ஜோடி என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் வேண்டிக்கொண்டே இருந்தேன். நடுநடுவே உன் ரொட்டிக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன், சிரிக்காதே.

அக்கா


வெஸ்ட்போர்ட், ஜூன் 22

நோலீனுக்கு,

கார்லுக்கு நீ எழுதினாயா?

கடை வாசலில் போர்டு வைத்திருக்கிறார்கள். புதன் மதியம் கடையில் சத்தம் கூடாது, சத்தம் போடுகிறவர்களை ஊழியர்கள் வந்து நிறுத்தச் சொல்வார்கள் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. பௌலிங் கிளப் பெண்கள் யாரும் வரவில்லை. ரேயும் வரவில்லை. பெண்டாட்டியோடு பேச முடியாவிட்டால் அவர் எதற்கு வர வேண்டும்? தபால் நிலையத்தில் ஷெர்லி என்னைப் பிடித்துக்கொண்டு, "பெர்த்துல உக்காந்துகிட்டே உன் அக்கா எங்க வாயைக் கட்டிட்டா பாத்தியா" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன புதன் ரொட்டிக்கு முன்னால் ஆளே இல்லை. ரொட்டியைக் கூடையில் போட்டுக்கொண்டு, முட்டைக்குப் போகிற வழியில் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தேன். அந்தத் தள்ளுவண்டிப் பெண் அடுத்த வரிசையில் இருந்தாள். திடீரென்று வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். தலையைத் தரையில் முட்டினாள். அவள் அம்மா அவள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். கடையில் புதிதாகச் சேர்ந்த டேனிகா என்ற பெண் என்னிடம் வந்தாள். மெதுவாகத்தான் பேசினாள். "அங்கிள், நீங்க முனகறீங்கல்ல, அதைக் கொஞ்சம் நிறுத்திக்குங்க. அந்தப் பாப்பாவுக்கு ஒத்துக்கல. போர்டு பாத்தீங்கல்ல" என்றாள்.

சத்தம் நான்தான், அக்கா. அந்தப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தபோது என் சத்தம் அதில் அமுங்கிப்போயிருந்தது. அவர்களை நீ வெளியே அனுப்பினாய், நான் மட்டும் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பாடாமலே நடந்து பார்த்தேன். முட்டை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வாசல் எங்கே என்றும் தெரியவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு வெளிச்சம் தெரிந்த பக்கமாக வெளியே வந்தேன்.

எனக்கு அவமானமாக இருக்கிறது. அமைதி வேண்டும் என்று வந்தவன் அதைக் கெடுத்திருக்கிறேன். ஒரு குழந்தை தலையை முட்டிக்கொண்டது. இனி நான் கடைக்குப் போகமாட்டேன். உனக்கு எழுதவும் மாட்டேன், நான் எழுதினால் நீ ஏதாவது செய்துவிடுகிறாய்.

மெர்வின்


பெர்த், ஜூலை 3

என் தம்பி மெர்வ்,

ஆமாம், நான்தான் எழுதினேன். கார்லுக்கு எழுதியதோடு விடாமல் போனும் செய்தேன். ரொட்டி வாங்க முடியாமல் நீ ஒரு மூலையில் நின்றாய் என்று படித்துவிட்டு நான் சும்மா இருப்பேன் என்று நினைத்தாயா? போர்டு வைக்கச் சொல்லவில்லை. அந்தப் பெண்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்றுதான் சொன்னேன். அவர் போர்டே வைத்துவிட்டார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். பாப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் தம்பி ரொட்டி வாங்கவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அந்த டேனிகாமேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவளும் சொன்னதைத்தானே செய்தாள். அந்தக் குழந்தையின் அம்மாமேலும் கோபப்படப் பார்த்தேன். இங்கே கண்ணாடிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அதுவும் முடியவில்லை. கடைசியில் எல்லாம் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது.

பாரிக்குப் போன் செய்து, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "பொகைக்கூண்டுல பொகை வருது. அப்ப உசுரோட தான் இருக்கான்" என்றார். வேறு எதுவும் அவரிடமிருந்து வராது, உனக்கும் தெரியும். கதவைத் தட்டினால் நீ திறக்கவில்லையாம். என்ன சாப்பிடுகிறாய்? தோட்டத்தில் உருளைக்கிழங்கு எவ்வளவு மிச்சம் இருக்கும்? உறைபெட்டியில் மீன் வைத்திருந்தேனே, அது இருக்கிறதா?

ஒரு வரி எழுது. திட்டி எழுது, பரவாயில்லை.

அக்கா


பெர்த், ஜூலை 12

மெர்வ்,

உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. தபால்காரன் வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். நேற்று மின்சாரக் கட்டண ரசீது வந்தது, அதைப் பிடுங்கிப் பிரித்தேன்.

உனக்குத் தெரியாமல் எதையும் செய்யக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன், அதனால் சொல்லிவிடுகிறேன். நெல்சன் விடுதிக்குப் பேசினேன். ஒரு அறை காலியாக இருக்கிறதாம். இந்த மாதக் கடைசிக்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும், அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்கிறார்கள். சமையல்காரர் இருக்கிறார், தோட்டம் இருக்கிறது. நல்ல மனிதர்கள் மாதிரிதான் பேசினார்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஒரே பெரிய கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம்.

இல்லையென்றால் நான் வந்துவிடுகிறேன். ஜோடியிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "போம்மா, மாமா பாவம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாப்பா இன்னும் பெட்டிக்குள்தான். பையனை வெளியே எடுத்துவிட்டார்கள், அவனை வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மெர்வ். உன்னைப் பட்டினி போட்டுவிட்டேனோ என்று பயம். இங்கிருந்து கிளம்பினால் இங்கே ஏதாவது ஆகிவிடுமோ என்று அதுவும் பயம். நீ ஒரு வார்த்தை சொன்னால் அதன்படி செய்கிறேன்.

நோலீன்


வெஸ்ட்போர்ட், ஜூலை 24

நோலீன் அக்காவுக்கு,

நெல்சன் அறை வேண்டாம். இந்தக் கடிதம் வருவதற்கு நாளாகும் என்பதால் பாரியிடம் சொல்லி உனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்வார். ஏன் என்று அவரைக் கேட்காதே, அவருக்குத் தெரியாது.

நான் உருளைக்கிழங்கும் ஓட்ஸும் சாப்பிட்டேன். மீன் தீர்ந்துவிட்டது. பிறகு ஓட்ஸும் தீர்ந்தது. பசித்தது. நீ செய்ததில் எனக்கு இன்னும் கோபம்தான், ஆனால் நீ பயப்படுகிறாய் என்று எழுதியிருந்தாய், அதனால் எழுதுகிறேன்.

அந்தச் சின்னப் பெண்ணும் அவள் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். பெண் பெயர் பிப்பா, அம்மா பெயர் வைமாரி. என் வீடு எது என்று ஷெர்லியிடம் கேட்டிருக்கிறார்கள். ஷெர்லி ஊருக்கெல்லாம் வழி சொல்வாள். நான் கதவைத் திறக்கவில்லை. குழந்தையை அழ வைத்ததற்காகத் திட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

வெளியே பிப்பா பாடினாள். என் பாட்டு. அப்பா சவரம் செய்யும்போது பாடுவாரே, அது. பாதி வரைக்கும் பாடி நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து பாடி அதே இடத்தில் நிறுத்தினாள். மறுபடி அதே. அழப்போகிற மாதிரி குரல் உடைந்தது.

வைமாரி கதவுக்கு வெளியே நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணா, திட்ட வரல. அன்னிக்கு நீங்க பாடினீங்கல்ல, அதைப் பாதியில விட்டுட்டீங்க. இவளுக்குப் பாதியில நின்னா தாங்காது. பாட்டுக்கு அவ அழல, நின்னதுக்குத்தான் அழுதா. அன்னியிலேர்ந்து எங்க வீட்ல இதே பாதிதான். எனக்கும் மீதி தெரியாது. யாருமே சரியா தூங்கல. கதவைத் திறக்க வேணாம், முடிச்சு மட்டும் வைங்க."

நான் கதவுக்குப் பின்னால் நின்றே முழுதும் பாடினேன். கடைசி வரை. பிறகு பிப்பா அந்த மீதியைப் பாடினாள், ஒரு இடத்தில் தப்பாக. நான் திருத்தினேன். பிறகு கதவைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் மிதியடியைத்தான் பார்த்தாள். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. வைமாரி காரிலிருந்து ஒரு ரொட்டி எடுத்துக் கொடுத்தார். அது அவர்களுடைய ரொட்டி என்று சொன்னேன். பாட்டுக்குக் கூலி என்றார். கூலி என்றால் என்னுடையது. வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு, நான் ஏன் அன்றைக்குப் பாதியில் நிறுத்தினேன் என்று யோசித்தேன். பிப்பா அழுவதற்கு முன்பே நிறுத்தியிருந்தேன், டேனிகா வந்து சொன்னது பிறகுதான். பிப்பாவின் அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு என் வரிசைக்குத் திரும்பினார், ஆள் வந்தது, நிறுத்திவிட்டேன். அம்மா இருந்தவரை அம்மா, அதற்குப் பிறகு நீ. நான் பாடும்போது யாராவது வந்தால் என் முழங்கையில் ஒரு தட்டு தட்டுவீர்கள். இப்போது தட்டுவதற்கு யாரும் இல்லை, அது தானாகவே நின்றுவிடுகிறது. ஆகவே இதற்கு முன்பும் நிறைய பாட்டைப் பாதியில் விட்டிருப்பேன். முடிப்பதற்காகக் காத்திருந்தவர்கள் வேறு யாரும் இருந்தார்களா என்று தெரியவில்லை.

அடுத்த புதன் கடைக்குப் போனேன். போர்டு அங்கேதான் இருந்தது. டேனிகா என்னைப் பார்த்ததும் கூடையை எடுத்துக் கொடுத்தாள், பயந்த மாதிரி இருந்தாள். நான் அவளிடம், "நான் பாடுவேன். ஆரம்பிச்சா முடிக்கற வரைக்கும் நிறுத்த மாட்டேன். நீ வந்து சொன்னாலும் முடிச்சுட்டுதான் நிறுத்துவேன்" என்றேன். வழியில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வாக்கியம் அது. கார்லைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனாள். கார்ல் வந்து போர்டைப் படித்தார். பிறகு அதைத் திருப்பி வைத்தார். அதன் பின்பக்கத்தில் பழைய முட்டை விலை எழுதியிருக்கிறது. இன்னும் யாரும் அழிக்கவில்லை, அந்த விலைக்குத்தான் வேண்டும் என்று ரே சண்டை போடுகிறார்.

ஆமாம், ரே வந்துவிட்டார். பௌலிங் கிளப் பெண்களும் வந்துவிட்டார்கள். ரொட்டிக்கு முன்னால் நின்றார்கள். நான் ஷெர்லியிடம், "ரொட்டிகிட்ட பேசாதீங்க. பழத்துகிட்ட போய்ப் பேசுங்க, அங்க இடம் இருக்கு" என்றேன். இதை நீயே முதலில் சொல்லியிருந்தால் போதுமே, உன் அக்கா எதற்குக் கடல் தாண்டிப் புகார் செய்தாள் என்றாள். பழத்துக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நேற்று பிப்பா மறுபடியும் அழுதாள். யாரோ ஜாடியைப் போட்டு உடைத்தார்கள். எனக்கும் தாங்கவில்லை, பாதிச் சாமானோடு வந்துவிட்டேன். ஆனால் கூடையைத் தரையில் வைத்துவிட்டு ஓடவில்லை. பணம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ரொட்டியும் முட்டையும் இருக்கிறது. சோப்பு இல்லை, அடுத்த புதன்.

பாப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்களா என்று எழுது. ஜோடி அழுதாள் என்று எழுதியிருந்தாய். அவளோடு இரு. எனக்குச் சாமான் வாங்கித் தருவதற்காக நீ வர வேண்டாம்.

என்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வா. புதன்கிழமை என்னோடு கடைக்கு வா. நான் பாடிக்கொண்டுதான் நடப்பேன், எதிரே ஆள் வரும். உன் கை தானாக என் முழங்கைக்கு வரும், எனக்குத் தெரியும். தட்டாதே அக்கா. பாட்டு முடியும்வரை பிடித்துக்கொண்டு வா.

மெர்வின்